தண்ணீருக்குள் நிற்கிறவருக்கு ஒரு தட்டுச் சோறு

உ
தும்பளை,
பருத்தித்துறை.
20.11.1973

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உன்னையும் தம்பியையும் குஞ்சு ராதாவையும் எந்த நோய்நொடியும் அண்டாமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். இங்கே நானும் விமலாதேவியும் சுகம். என் முழங்கால்தான் மாரி தொடங்கியதும் முறைப்பாடு செய்கிறது.

விமலாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. கேதீஸ்வரன் மாஸ்டரின் மூத்த மகன் சிவபாலன், கொழும்பில் வங்கியில் வேலை. பொருத்தம் நன்றாக இருக்கிறது, பெடியன் தங்கமான பெடியன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். பிள்ளையின் தகப்பன் தன் கையால் சம்மதம் எழுதி ஒரு கடிதம் போட வேண்டும். அது வந்த பிறகுதான் நாள் வைப்பார்களாம்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கும். இவளுடைய சாதகம் தகப்பனுக்கு ஆகாது என்று பிறந்த அன்றே சாத்திரியார் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். மனிசன் உயிரோடு இருக்கிறார் என்று எழுத்தில் கண்டால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். இவளின் அப்பா அங்கே அணைக்கட்டு வேலைக்குப் போய் ஏழு வருடம். கடைசிக் கடிதம் வந்து நாலு வருடம் கழிந்தது உனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் கடிதம் வருகிறது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாசிக்குள் கடிதம் வராவிட்டால் இந்தச் சம்பந்தம் போய்விடும். போனால், ஏன் போனதென்று ஊர் கதைக்கும். பிறகு ஒருவரும் இந்தப் படலையைத் திறக்க மாட்டார்கள். தம்பியிடம் சொல்.

இப்படிக்கு, உன் மச்சாள்
சிவனேஸ்வரி

*

கிளேட்டன், மெல்பேர்ண்.
9.12.1973

அன்புள்ள மச்சாளுக்கு இரஞ்சிதம் எழுதுவது.

உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கோ, எங்களை நினைத்துக் கவலைப்படாதையுங்கோ. நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் பத்திரமாக வந்தது. பொதியைப் பிரித்ததும் பக்கத்து வீட்டுக்காரி தும்மினாள்.

விமலாவின் செய்தி கேட்டுக் குசினியிலேயே நின்று கைதட்டினேன். உங்கள் தம்பியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். இந்த மனிசனுடைய வாயிலிருந்து சொல்லெடுக்க குறடு வேணும்.

இப்போது இவருக்கு ஒரு புதுப் பைத்தியம். தூண்டில். வாழ்நாளில் கடற்கரையில் ஒரு நண்டு பிடிக்காத ஆள், கம்பும் சுருளும், இறகில் கட்டிய பொய்ப் பூச்சியும் வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை விடிந்தால் மூன்று மணித்தியாலம் கார் ஓடி மல்லரா என்ற ஏரிக்குப் போகிறார். நித்தியானந்தன் அண்ணர் வேலை செய்த அணைக்கட்டும் அதுதானாம். ட்ரவுட் என்ற மீன், மேலெல்லாம் சிவப்புப் புள்ளி, வழவழவென்று நல்ல மீன். பிடித்து வந்து அக்கம்பக்கத்து வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார். ஒரு துண்டு வாயில் வைக்க மாட்டாராம். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிசனை உங்களுக்குத் தெரியாதோ? நான் என்ன சொல்ல!

தைமாதம் பள்ளி விடுமுறைக்கு அந்த ஏரிக்கரையில் இரண்டு கிழமைக்கு ஒரு பலகை வீடு எடுத்திருக்கிறார். அங்கே அண்ணரைத் தெரிந்த ஆரையாவது கண்டு விசாரிப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் அன்பு மச்சாள்
இரஞ்சிதம்

*

தும்பளை.
28.12.1973

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். தம்பி அந்த ஏரியின் மீனை மட்டும்தான் சாப்பிடுவதில்லையோ, அல்லது மீனையே விட்டுவிட்டானோ? கடையில் வாங்கும் மீனைச் சாப்பிடுகிறானோ? பார்த்து எழுது. அவனிடம் கேட்காதே.

நீ அந்த மீனைச் சமைக்காதே. குஞ்சுக்கும் கொடுக்காதே. குளத்து மீன் சூடு.

சிவனேஸ்வரி

*

மல்லரா ஏரி.
12.1.1974

அன்புள்ள மச்சாளுக்கு,

பொங்கலுக்கு முன் இது உங்கள் கைக்கு வராது, ஆனாலும் உங்களுக்கும் விமலாவுக்கும் என் பொங்கல் வாழ்த்து. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். கடை மீன் இரண்டு கையாலும் சாப்பிடுகிறார். இந்த ஏரி மீன்தான் ஆகாது.

மன்னியுங்கோ, உங்கள் கடிதம் வரமுன்னமே நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம். தேங்காய்ப்பூவை ஊறவைத்துப் பிழிந்து பால்கறி வைத்தேன். ராதா முள் எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் தின்றாள். ஒரு சூடும் செய்யவில்லை.

இந்த இடத்தைச் சொல்ல வேணும். அணை கட்டினபோது ஒரு ஊரை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டார்களாம். மரங்களை வெட்டாமல் விட்டதால் செத்த மரங்கள் ஏரி நடுவில் வெள்ளையாக நிற்கின்றன. பகலில் நெருப்பு வெயில், விடியற்காலையில் பனிப்புகார் தண்ணீரில் படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று தூண்டில் போடுவார். இங்கே மார்பு வரை றப்பர் களிசான் போட்டுக்கொண்டு அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் மற்ற ஆட்கள் வருவார்கள், போவார்கள். இவர் விடியும்போது நிற்பார், புகார் கலையும்போது இல்லை. தொப்பி போட்டிருப்பதால் முகம் தெரியாது.

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் குளிரில் மணிக்கணக்காக நிற்கிறாரே. மூன்றாம் நாள் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு இன்னொரு தட்டால் மூடி, தோணி கட்டும் பலகை மேடையின் நுனியில் வைத்துக் கைகாட்டிவிட்டு வந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் போனால் தட்டு கழுவியிருந்தது. அதன் மேல் ஒரு ட்ரவுட், வயிறு கீறிச் சுத்தமாக்கி, வாலை மடித்து வாய்க்குள் கொடுத்து வட்டமாக வைத்திருந்தது.

வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று இந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரனுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தார்கள் மச்சாள்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அன்புடன்
இரஞ்சிதம்

*

மல்லரா ஏரி.
19.1.1974

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் மீண்டும் எழுதுகிறேன். எல்லோரும் சுகம், இவருக்கு மட்டும் முகம் சரியில்லை.

நாலு நாள் தட்டு வைத்தேன். நாலு நாளும் அதே மாதிரி மீன் வந்தது. இவருக்குச் சொன்னதும் முகம் வெளுத்துப்போய், "இனி ஒண்டும் வையாதை. அந்தப் பக்கம் பாக்கவும் வேண்டாம்" என்றார். ஏனென்று கேட்டால் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தருக்குச் சோறு கொடுப்பது என்ன குற்றமோ?

பால் வாங்கும் கடையில் இருக்கும் மிஸிஸ் டூலனிடம் கேட்டேன். நான் கைகாட்டின இடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஆரும் நிற்க முடியாதாம். பழைய ஊரின் பெரிய வீதி கீழே போகிறதாம், நாற்பது அடி ஆழமாம். நீ செத்த மரக்கட்டையைத்தான் பார்த்திருப்பாய் என்றாள். மரக்கட்டை சோறு தின்னுமோ என்று அவளிடம் கேட்க எனக்கு இங்கிலிஷ் வரவில்லை.

மச்சாள், இவர் ஒருவரிடமும் அண்ணரைப் பற்றி விசாரிக்கவில்லை. பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை இவர் கார்ச் சில்லுக்குக் காற்றடிக்க ராதாவையும் கூட்டிக்கொண்டு போன நேரம், கடைசியாக ஒரு தட்டு வைத்தேன். தட்டுக்குக் கீழே ஒரு வெறும் ஏரோகிராம் கடிதத்தாள். உங்கள் விலாசத்தை நானே எழுதினேன். பக்கத்தில் ஒரு துண்டில், "இங்கே வேலை செய்த நித்தியானந்தனைத் தெரிந்தால், வீட்டுக்கு ஒரு கடிதம் போடச் சொல்லவும். அவருடைய மகளுக்குக் கல்யாணம்" என்று இங்கிலிஷிலும் தமிழிலும் எழுதி வைத்தேன். இவ்வளவு நாள் இந்தக் கரையில் நிற்கிறவருக்கு ஒருவேளை அண்ணரைத் தெரிந்திருக்கும் அல்லவா?

தட்டு கழுவியிருந்தது. மீன் இல்லை. ஏரோகிராமும் இல்லை. இவரிடம் சொல்லவில்லை. நாளை வீட்டுக்குப் போகிறோம்.

இரஞ்சிதம்

*

தும்பளை.
3.2.1974

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. சுகம் விசாரிக்க மறந்தேன் என்று நினைக்காதே. எல்லோரும் நன்றாக இருங்கள்.

தட்டில் என்னென்ன வைத்தாய்? சோறு சுடச்சுட இருந்ததோ? உப்புச் சரியாக இருந்ததோ? மிச்சம் ஒன்றும் வைக்காமல் சாப்பிட்டிருந்ததோ?

அந்த ஆள் எந்தக் கையால் தூண்டில் போடுவார்?

ஏரோகிராம் வைத்ததைத் தம்பிக்குச் சொல்லாதே. இங்கே ஒரு புதினமும் இல்லை. பாணுக்கு விடியப் போய் வரிசையில் நிற்கிறோம். மாஸ்டர் வீட்டிலிருந்து நேற்றும் ஆள் வந்தது.

சிவனேஸ்வரி

*

தும்பளை.
22.2.1974

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உன் கை பொன்னாகட்டும். அவரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

ஏரோகிராம் எங்கேயோ நனைந்து காய்ந்தது போல் நெளிந்திருக்கிறது, மை சில இடங்களில் கலங்கியிருக்கிறது. ஆனால் எழுத்து அவருடைய எழுத்து. விமலாவை அந்தப் பெடியனுக்குக் கொடுக்கத் தனக்குப் பூரண சம்மதமென்றும், தன்னால் வர இயலாதென்றும், ஊரிலிருக்கிற தன் தம்பி சிறி தாரை வார்க்கட்டும் என்றும் எழுதியிருக்கிறது. மாஸ்டர் கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசித்தார். பழைய கடிதமொன்றைக் கொண்டுவரச் சொல்லி எழுத்தையும் ஒத்துப் பார்த்தார். பிறகு எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குறை நினையாதையுங்கோ" என்றார்.

வைகாசியில் நாள் வைத்திருக்கிறது. விமலா கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

தம்பிக்கு நான் மிகவும் நன்றி சொன்னதாகச் சொல்.

சிவனேஸ்வரி

*

கிளேட்டன்.
10.3.1974

அன்புள்ள மச்சாளுக்கு,

நல்ல செய்தி கேட்டோம், வீட்டில் பாயசம் வைத்தேன். நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேணும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அண்ணரின் கடிதம் வந்ததாம், அக்கா உங்களுக்கு நன்றி சொல்கிறாவாம் என்று சொன்னபோது இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்தார். தேத்தண்ணி மேசையெல்லாம் சிந்தியது. "ஆர் போட்டது?" என்று மட்டும் கேட்டார். அண்ணர்தான் என்றேன். எழும்பி அப்படியே காரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனவர், அடுத்த நாள்தான் வந்தார். காரில் வைத்திருந்த தூண்டில் திரும்பி வரவில்லை. சந்தோசச் செய்திக்கு ஒரு மனிசன் இப்படியோ செய்வது?

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சாள். ஆரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இரஞ்சிதம்

*

தும்பளை.
9.6.1974

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

மூன்று மாதம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். கலியாணம் முடியும்வரை என் கை ஒன்றை எழுதத் தொடங்கினால் வேறொன்றை எழுதிவிடும் என்று பயந்தேன். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. விமலா மாப்பிள்ளையோடு கொழும்புக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் தனிய. இனிச் சொல்லலாம்.

இவளின் அப்பா உயிரோடு இல்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் பிடிக்கப் போன சிறு தோணி அந்த ஏரியில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. கூட வேலை செய்த ஒரு இத்தாலிக்காரன் உடைந்த இங்கிலிஷில் எனக்கு எழுதினான். அந்தக் கடிதத்தைத் தபால் கந்தோர் வாசலில் நின்று வாசித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சோறு வடித்தேன். அவளுக்கு அப்போது பதினெட்டு. தகப்பனை விழுங்கினவள் என்ற பேரை என் பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டால் பக்கத்து வீட்டார் கேட்பார்கள்.

நீ எழுதின முதல் கடிதத்திலேயே தம்பிக்கும் தெரியும் என்று விளங்கிவிட்டது. கடலில் போனவனின் உடல் கிடைத்துக் கிரியை நடக்கும்வரை எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் மீனைத் தொட மாட்டோம். அவன் ஏன் சாப்பிடவில்லை என்று நீ சிரித்துக்கொண்டு எழுதியிருந்தாய். அதனால்தான் கடை மீனைப் பற்றி உன்னிடம் கேட்டேன்.

அந்தச் சம்மதக் கடிதத்தை எழுதியவன் தம்பிதான் என்றும் எனக்குத் தெரியும். நீ வைத்த ஏரோகிராமை அவன் எடுத்திருப்பான். சின்ன வயதில் அவரிடம்தான் படித்தவன், எழுத்தும் அவருடைய எழுத்து மாதிரியே இருக்கும். கடைசியில் ஒரு வரி இருக்கிறது, அந்த மடிப்பை ஒட்டிவிட்டுத்தான் மாஸ்டருக்கும் விமலாவுக்கும் கொடுத்தேன். அதை வாசித்தபோதுதான், நான் மறைத்ததும் தம்பிக்குத் தெரியும் என்று கண்டு வெட்கப்பட்டேன்.

இரஞ்சிதம், எனக்கு இருக்கிற ஒரே வேதனையைச் சொல்கிறேன். உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன வாயால் நான் எட்டாம் நாள் படையல் வைத்து எட்டுச் செலவு செய்ய முடியுமோ? அந்தியேட்டி செய்து கிரியையை முடிக்க முடியுமோ? நாலு வருடமாய் அவருக்கு நான் ஒரு பிடி சோறு படைக்கவில்லை. பசி தாங்காத மனிசன். மீனைச் சட்டியில் அடங்கும்படி வாலை வாய்க்குள் கொடுத்து வைப்பது அவருடைய பழக்கம். நீ வைத்ததுதான் அவருக்கு முதல் சோறு. நீயும் குஞ்சும் அந்த மீனைச் சாப்பிட்டதை நினைத்து அருவருக்காதே. அவர் தந்தது.

தம்பியை அந்தக் கரையில் எட்டைக் கொடுத்து அவரை வழியனுப்பச் சொல். இங்கே ஆவணி கழிய, அவர் போய்விட்டார் என்று ஒரு தந்தி அடிக்கட்டும். அதுவரை நான் பொட்டோடு இருப்பேன்.

உன் மச்சாள்
சிவனேஸ்வரி

*

கிளேட்டன்.
30.6.1974

அன்புள்ள மச்சாளுக்கு,

என்ன சுகம் விசாரித்து எழுதுவதென்று தெரியவில்லை. உங்களைக் கட்டிப்பிடித்து அழ வேணும் போலிருக்கிறது, இடையில் இவ்வளவு கடல்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்தேன். நீங்கள் இத்தாலிக்காரன் எழுதியதைச் சொன்ன இடத்தில் இவர் எழும்பி நின்றுவிட்டார். "அக்காவுக்குத் தெரியுமோ? இவ்வளவு நாளும் தெரியுமோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அண்ணர் போன செய்தி அப்போதே கொழும்பில் இவருடைய கந்தோருக்குத் தந்தியில் வந்ததாம். அந்த நேரம் நீங்கள் ஒப்பரேசன் முடிந்து ஆசுபத்திரியில் இருந்தீர்களாம். எழும்பி நடக்கட்டும், பிறகு சொல்லுவம் என்று வைத்தாராம். பிறகு சொல்லவே முடியவில்லையாம். இங்கே வந்த பிறகு, எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பார் என்று சனிக்கிழமைகளில் ஏரிக்கரை முழுக்க நடந்தாராம். சும்மா நடந்தால் வெள்ளைக்காரர் கேட்பார்கள் என்று தூண்டில் வாங்கினாராம். நான் கண்ட ஆளைத் தானும் கண்டதாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. இவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து வாசியுங்கோ. "அந்தக் கடிதத்தை நான் எழுதேல்லை இரஞ்சிதம்" என்றார். பிள்ளையாரில் சத்தியம் செய்தார். ஏரோகிராம் வைத்ததே இவருக்கு உங்கள் கடிதத்தை வாசித்தபோதுதான் தெரியும். நீங்கள் மறைத்ததும் அப்போதுதான் தெரியும்.

உங்களுக்கு வந்த கடிதத்தின் மேல் விலாசம் ஆருடைய எழுத்து என்று பாருங்கோ. எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை.

இரஞ்சிதம்

*

தும்பளை.
16.7.1974

அன்புள்ள இரஞ்சிதத்துக்கும் தம்பிக்கும்,

இரண்டு பேரும் அழாமல் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நானும் இப்போது சுகம். உண்மையாகவே சுகம்.

கடிதத்தை விமலா இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். விலாசம் உன்னுடைய எழுத்து. உள்ளே இருப்பது அவருடைய எழுத்து.

கடைசி வரியை உங்களுக்கு எழுதுகிறேன். "நீ மறைத்தது சரி. பிள்ளை வாழட்டும். பசியை நான் பொறுத்துக்கொண்டேன்." நான் மறைத்தது எனக்கு மட்டும்தான் தெரியும் தம்பி. உனக்குத் தெரியாதென்றால், இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க அழுதேன். அடுத்த வீட்டுக்காரி வந்து என்னவென்று கேட்டாள். மகளைப் பிரிந்த கவலை என்றேன்.

எட்டுக்கு ஆயத்தம் செய்துவிட்டாய் என்று நினைக்கிறேன். ஒரு தரம் பொறு. எட்டைக் கொடுத்தால் அவர் போய்விடுவார். போகவேண்டியவர்தான், நாலு வருடம் குளிர் தண்ணீரில் நிறுத்தி வைத்தது போதும். ஆனால் அவர் எனக்கு ஒரு கடிதம் போட்டார், நான் இன்னும் பதில் போடவில்லை.

இதோடு ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். மேலே அவருடைய பேரை எழுதியிருக்கிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பேரை நான் சொன்னதுமில்லை, எழுதினதுமில்லை; முன்னம் போட்ட கடிதங்களுக்கும் விமலாதான் விலாசம் எழுதினாள். இரஞ்சிதம், அதை நீ பிரித்துப் பார்க்க வேண்டாம். புகார் கலைய முன் தட்டுக்குக் கீழே வை. சோறு சூடாக இருக்கட்டும், குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடப் போடு.

அவர் வாசித்த பிறகு எட்டைக் கொடுங்கோ.

சிவனேஸ்வரி